இருபத்தாறாவது மின்முனை

மூன்று வாரமாக
வாயுப் பகுப்பான் பழுதாகிக் கிடக்கிறது.
உதிரிபாகம் ஹாம்பர்க்கில் கப்பல் ஏறிவிட்டதாம்.
அது அன்டோஃபகாஸ்டா வந்து சேர்வதற்குள்
என் செம்பு செத்துவிடும்.

இது இருபத்தாறாவது மின்முனை.
முந்தைய இருபத்தைந்தும்
எண் ஒட்டிய பொட்டலங்களாய் இழுப்பறையில்.
பிரித்தால் ஒவ்வொன்றின் முதுகிலும்
வெள்ளை பூத்திருக்கும்.
உப்பு.
இந்த ஊரில் எதைச் சுரண்டினாலும் உப்புதான்.
எதிரே கடல், பின்னே பாலைவனம்,
நடுவில் உள்ளங்கை அகல என் கலம்.
சிமெண்ட் சூளையின் புகைபோக்கியில் பிடித்த
கரியமில வாயு
காரத்தோடு கூடி
நுண்துளைகளை ஒவ்வொன்றாய் அடைத்துக்கொண்டே வரும்.
வாயு வர வழியில்லாத செம்பு
கையில் கிடைத்த தண்ணீரைக் கிழிக்கத் தொடங்கும்.
குமிழ் குமிழாய் ஹைட்ரஜன்.
நான் கேட்டது அதுவல்ல.

பிளாட்டினம் பிடித்தால் விடாது.
வெள்ளி பிடித்த மறுகணமே விட்டுவிடும்.
செம்பு மட்டும்
பாதி மாறிய மூலக்கூறைக்
கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கும்,
பக்கத்து இடத்துக்கு இன்னொன்று வரும்வரை.
இரண்டு கரி கைகோத்தால் எத்திலீன்.
அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான்
எனக்குச் சம்பளம்.

"வினையூக்கி தான் மாறாமல் பிறவற்றை மாற்றும்."
பள்ளியில் ஒப்பித்த வரி.
எழுதியவர்
எண்பது மணி நேரம் செம்போடு உட்கார்ந்திருக்க மாட்டார்.
அது நகர்கிறது.
துகளோடு துகள் ஒட்டித் தடிக்கிறது.
நேற்று இருந்த மேடு இன்று பள்ளம்.
மாறாமல் மாற்றுவது
யாரால் முடிந்திருக்கிறது, உலோகத்தால் முடிய?

இரவுக் காவலர் எலியோதோரோ
முன்பு சுரங்கத்தில் லாரி ஓட்டியவர்.
ஒரு நடைக்கு முன்னூறு டன் செம்புக்கல்.
"யாஸ்னா, நாலு கிராமுக்கா இத்தனை விழிப்பு?"
கேட்டுக்கொண்டே பையை மேசையில் வைத்தார்.
ரொட்டியில் தடவ வாங்கிய பால்டா,
கூழாங்கல்போல் இரண்டு.
"வியாழன்வரை இது காய்தான்."

அப்போதுதான் தோன்றியது.
காயைக் கனிய வைப்பதும் அதே எத்திலீன்.

கலத்தின் வெளிக்குழாயைப் பைக்குள் விட்டேன்.
ஒன்றுக்கு என் வாயு,
ஒன்றுக்கு வெறும் காற்று.
இரண்டு நாள்.
எலியோதோரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்
தலையாட்டினார்.
இரண்டும் கல்.

அன்று இரவு நான் தூங்கவில்லை.
விடிகிற நேரத்தில், பல் தேய்க்கும்போது, புரிந்தது.
குழாயில் வருவதில் பெரும்பங்கு
மாறாமல் தப்பிய கரியமில வாயு.
அது காயின் காதைப் பொத்துகிறது.
கனிந்துவிடு என்று எத்திலீன் சொல்வது
உள்ளே கேட்பதே இல்லை.

குழாயின் நடுவே
காரநீர்க் குப்பி ஒன்று வைத்தேன்,
மாறாததை அது விழுங்கட்டும் என்று.
கொஞ்சம் காற்றும் கலந்தேன், காய்க்கும் மூச்சு வேண்டுமே.
புதிதாய் இரண்டு பால்டா.
இம்முறை காசு என்னுடையது.

சனிக்கிழமை, மூடுபனி ஜன்னலை நக்கிக்கொண்டிருந்த காலை.
வெறும் காற்றுப் பை: காய்.
மற்றதில் அவர் விரல் புதைந்தது.

நோட்டில் எழுதினேன்:
விளைபொருள், எத்திலீன்.
அளவு, தெரியாது.
சான்று, எலியோதோரோவின் கட்டைவிரல்.
பேராசிரியை ஒலாய்ஸோலா இதை அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.

"ஆய்வகத்தில் இருந்ததைத் தின்னக் கூடாது"
என்று நான் திரும்புவதற்குள்
கத்தி பாதி வழி போயிருந்தது.
பச்சையும் மஞ்சளுமாய் வழுவழுவென்று பிளந்தது,
ஒரு சிமெண்ட் சூளையின் பெருமூச்சு பட்ட பழம்.

"உப்பு இருக்கிறதா?" என்றார்.

இழுப்பறையைப் பார்த்தேன்.
கலத்தைப் பார்த்தேன்.
இருபத்தாறின் ஓரத்தில்
மெல்ல ஒரு வெள்ளை.